கை திரும்பிப் போகிற இடம்

எங்கள் வீட்டில் ஒரு மின்விசிறி வாங்க இரண்டு கோடைகள் ஆயின. முதல் கோடையில் என்ன நிறம் என்று பேசினோம். இரண்டாவது கோடையில், முதல் கோடையில் என்ன பேசினோம் என்பதைப் பற்றிப் பேசினோம். அதற்குள் மழை வந்து பிரச்சினையைத் தீர்த்து வைத்தது.

அப்பாவிடம் எதைக் கேட்டாலும் "பாப்போம்" என்பார். கல்யாணப் பத்திரிகையை நீட்டினாலும் பாப்போம். காப்பியா டீயா என்றாலும் பாப்போம். அம்மாவுக்குத் திடமான கருத்துகள் உண்டு. காலையில் ஒன்று, சாயங்காலம் இன்னொன்று. அண்ணன் பேசுவதே இல்லை. செய்தித்தாளை விரித்து அதற்குப் பின்னால் குடியிருந்தான். நான் கல்லூரியில் பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்தேன். எந்தக் கேள்விக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று அங்கே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். மூன்றாவது பக்கத்தை நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட நாலு பேர் தியாகராய நகரில் பட்டுச் சேலைக் கடை வைத்திருந்தோம். கோவில்பட்டிப் பக்கமிருந்து அப்பா வந்து, உஸ்மான் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் போட்ட கடை. அடுத்தவர்கள் முடிவெடுத்தால்தான் எங்கள் அடுப்பில் பூனை தூங்காது. ஆண்டவனுக்கு நகைச்சுவை உண்டு என்று நான் நம்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம், இந்த வீட்டுக்கு மதினி வந்து சேர்ந்தது.

மதினி என்றால் அண்ணன் மனைவி. என்னைவிட மூன்று நான்கு வயதுதான் மூத்தவள். கல்யாணமாகி வந்து ஒரு வருஷம் வரை கடைப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அறுபதுகளின் கடைசியில் எங்கள் ஆட்களில் வீட்டு மருமகள் கடை மெத்தையில் உட்காருகிற வழக்கம் கிடையாது. ஒரு வைகாசி மாதம், சாப்பாடு கொண்டுவருகிற ஆள் வராமல் போனதால், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அவளே வந்தாள்.

கடையில் அன்றைக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு கல்யாணக் கோஷ்டி. காலையில் வந்தவர்கள். மெத்தை மேல் விரித்த வெள்ளைத் துணி தெரியாத அளவுக்குச் சேலைகள் குவிந்து கிடந்தன. நடுவே மணப்பெண். சுற்றிலும் அவளுடைய அம்மா, அத்தை, பெரியம்மா.

"அரக்குதாண்டி லட்சணம். முகூர்த்தத்துல பளிச்னு இருக்கும்."

"அரக்கு நம்மாத்துல எல்லார்ட்டயும் இருக்கு. இந்த மாம்பழக் கலரைப் பாரேன்."

"இப்படிப் பார்த்துண்டே இருங்கோ. கல்யாணமே முடிஞ்சுடும்."

மணப்பெண்ணைக் கேட்டார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "எதுவானாலும் சரி" என்றாள். உடனே மூவரும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

எங்கள் கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர் சைதாப்பேட்டைக்காரர். அவர் என் காதருகே வந்தார். "தம்பி, காலைலேர்ந்து குந்திக்கினு கீறாங்க. அலமாரில இன்னும் நாலு சேலைதான் கீது. அதையும் போட்டுட்டா அப்பால நான் இன்னாத்த காட்றது, என் வேட்டியவா?"

மதினி தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் கேட்காமல், மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். எதையும் எடுத்துக் காட்டவில்லை. கிடந்த சேலைகளில் ஒன்றை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.

எங்கள் வியாபாரத்தில் அதுவரை ஒரே தத்துவம்தான்: பிடிக்கவில்லையா, இன்னொன்றைக் காட்டு. மதினி செய்தது அதற்கு நேர் எதிர். ஒவ்வொன்றாக மடித்துப் பின்னால் வைத்துக்கொண்டே போனாள். ஆனால் எந்தச் சேலையையும் இகழவில்லை. விருந்தாளியை வாசல் வரை கொண்டுவிடுகிற மாதிரி, ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பினாள். "இது நல்ல நெசவு. சீமந்தத்துக்கு ஆகும்." "இது பொண்ணவிட உங்களுக்கு எடுப்பா இருக்கும் மாமி, உங்களுக்குன்னு ஒரு நாள் வந்து எடுங்க." தன் தேர்வை யாரோ மெச்சுகிறார்கள் என்ற திருப்தியில் அவரவர் தேர்வு காணாமல் போனதை அவரவர் கவனிக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியவை மாம்பழம், அரக்கு, கத்திரிப்பூ நிறத்தில் ஒன்று. மாம்பழம் போயிற்று. அரக்கின் மேல் கை வைத்தாள். பெரியம்மா மூச்சை இழுத்தாள்.

"அரக்கு மகாலச்சுமி. அது எங்க போகப் போவுது? தலைப் பொங்கலுக்கு எடுத்துக்கிடலாம்," என்று சொல்லிக்கொண்டே மடித்துவிட்டாள்.

வெள்ளைத் துணி மேல் கத்திரிப்பூ மட்டும் கிடந்தது. மணப்பெண் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் அதை அவளிடமிருந்து வாங்க யாராலும் முடியவில்லை. பை போட்டுத் தருவதற்குக்கூட.

அவர்கள் போன பிறகு, அண்ணனுடைய செய்தித்தாளுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். "எப்பிடி மதினி?"

"வாய் என்ன வேணும்னாலும் சொல்லும் தம்பி. கையப் பாக்கணும். அந்தப் புள்ள கை திரும்பத் திரும்ப அங்கதான் போச்சு. போயிட்டுப் பயந்துக்கிட்டு வந்துச்சு."

"எதுவானாலும் சரின்னு சொன்னாளே?"

"அப்பிடிச் சொல்லுதவ மனசுல ஒண்ணு ஏற்கெனவே இருக்கும். கேட்டாக் கெடைக்காதுன்னு நெனைச்சிருப்பா. நாம ஒண்ணும் காட்ட வேண்டாம். மத்ததை எடுத்துட்டாப் போதும்."

வீட்டு மருமகள் கடையில் உட்காரலாமா என்ற கேள்விக்கு அப்பா "பாப்போம்" என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது. அதன் பிறகு எந்தக் கோஷ்டியாவது மெத்தையில் வேர்விட ஆரம்பித்தால் சைதாப்பேட்டைக்காரர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மதினியைக் கூப்பிடப் போவேன். பொருளாதாரம் படித்ததன் பயன்.

வீட்டிலும் அதே கதைதான். மயிலாப்பூரில் குளத்துக்கு எதிரே ஒரு கடையில் எனக்கு மூக்குக்கண்ணாடி வாங்கப் போனோம். ஒவ்வொரு சட்டமாக மாட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமான அறிவாளியாகத் தெரிந்ததில் நான் மெய்ம்மறந்திருந்தேன். மதினி தட்டை நகர்த்தினாள். "இதுல எல்லாத்துலயும் நீங்க படிச்சவர் மாதிரிதான் இருக்கிய. ஒண்ணு போதும்," என்று ஒன்றை மட்டும் என் மூக்கில் விட்டுவைத்தாள். ஓட்டலுக்குப் போனால் பரிமாறுகிறவரிடம் "என்ன இருக்கு" என்று கேட்க மாட்டாள். "எதெல்லாம் தீந்துபோச்சு?" என்று கேட்பாள். அவர் சந்தோஷமாகப் பட்டியல் போடுவார். மீதி இருப்பது எங்கள் சாப்பாடு. அப்பாகூட மறுபேச்சில்லாமல் சாப்பிட்டார்.

மின்விசிறியும் வந்தது. என்ன நிறம் என்று எனக்கு இப்போது நினைவில்லை. சுற்றியது.

இத்தனை பேருக்கு முடிவு சொன்னவள் தனக்கென்று ஏதாவது கேட்டாளா என்றால், அதைச் சொல்ல எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சேலைக் கடை வீட்டுப் பெண்கள் தினம் ஒரு பட்டாக உடுத்துவார்கள் என்பது ஊர் நம்பிக்கை. உண்மையில் கடையில் விலை போகாததுதான் வீட்டுக்கு வரும். காட்டிக் காட்டிக் கரை அழுக்கேறியது, கண்ணாடிப் பெட்டியில் தொங்கி மடிப்பில் வெளுத்தது, யாரும் சீண்டாத நிறம். தீபாவளி வியாபாரம் முடிந்ததும் இவையெல்லாம் மூட்டையாக வரும். முதலில் அம்மா எடுப்பாள். அப்புறம் "ஏளா, உனக்கு எது வேணும்?" என்று கேட்பாள்.

"எதுவானாலும் சரி அத்தை," என்பாள் மதினி.

கடையில் அந்த வார்த்தையின் பொருளை எனக்கு விளக்கியவள் அவள்தான். வீட்டில் அதே வார்த்தை என் காதில் விழுந்து, மறு காது வழியாகப் பொருளாதாரத்தைத் தேடிப் போய்விட்டது.

ஒரு மழை நாள் மத்தியானம் சமையலறைக்குள் தண்ணீர் குடிக்கப் போனேன். மதினி தம்ளரில் பால் விடாத கறுப்புத் தேநீர் வைத்திருந்தாள். இன்னொரு உள்ளங்கையில் கருப்பட்டித் துண்டு. அதை ஒரு கடி, இதை ஒரு வாய். என்னைக் கண்டதும் கருப்பட்டிக் கையை மூடிக்கொண்டாள்.

"இதென்ன மதினி, மருந்தா?"

"எங்க ஊர்ல இப்பிடித்தான் குடிப்போம்."

அவள் ஊர் கோவில்பட்டிக்குப் பக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். அது பத்து வயதுக்கு அப்புறம் வந்த ஊர். பிறந்தது சிலோனில், மலை நாட்டில். அவளுடைய அப்பா அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்திருக்கிறார். அம்மாவுக்கு இது தெரியும். கோபம் வந்தால் "தேயிலைக் காட்டுலேர்ந்து வந்தவளுக்கு என்ன தெரியும்" என்பாள். அதை நான் ஏதோ பழமொழி என்று நினைத்திருந்தேன்.

"அங்க எப்பிடி இருக்கும் மதினி?"

மதினி மூடிய கையைத் திறந்தாள்.

"எங்க வீட்டு வாசல்ல நின்னா கீழ ரோடு தெரியும். வளைஞ்சு வளைஞ்சு வரும். ஒரே கார் கீழ தெரிஞ்சு மறையும், மறுபடி தெரியும், மறுபடி மறையும். ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடிப்பான். பக்கத்துல ஒரு அருவி, அந்தச் சத்தத்தையும் மீறிக் கேக்கும். நாங்க புள்ளைக எல்லாம் மேல நின்னு கையாட்டுவோம். ஒருத்தனும் நிமிந்து பாக்க மாட்டான்."

"கார்ல போறவன் எதுக்கு நிமிரணும்?"

"அதான். ஒரு நாளாவது அந்த ரோட்டுல நான் கார்ல போவணும். போயி நிமிந்து பாக்கணும். அங்கேருந்து பாத்தா எங்க வீடு எப்பிடித் தெரியும்னு."

"ஊரை விட்டு வரும்போது பாக்கலியா?"

"இருட்டுல லாரில வந்தோம். சாமான் மேல படுத்துத் தூங்கிட்டேன்." கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டாள். "சரி, கடலைமாவு இல்ல. வாங்கிட்டு வாரியளா?"

அவ்வளவுதான். மடித்து வைத்துவிட்டாள். கூடத்தில் அண்ணன் வழக்கம்போல் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தான்.

கொழும்பில் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். வா வா என்று வருஷக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தார். அப்பாவும் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதை ஒட்டிய ஒரு வருஷம் மாமா புது வீடு கட்டிப் பால் காய்ச்ச அழைத்தபோது, பழனிக்குப் போகலாமா, குற்றாலம் போகலாமா, கொழும்பா என்று வீட்டில் விவாதம் மூண்டது. மதினி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே அப்பாவிடம் பேசினாள். "பழனி நல்ல எடம் மாமா. தைப்பூசத்துக்குப் போனாத்தான் அழகு. குத்தாலத்துல சீசன் முடிஞ்சிருச்சு, வெறும் பாறைதான் கெடக்கும், அடுத்த ஆடிக்குப் போவோம்." மிச்சம் இருந்தது கொழும்பு. அதை அவளுடைய வழக்கமான சாமர்த்தியம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

எழும்பூரில் ரயிலேறி, ராமேஸ்வரத்தில் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிப் போனோம். கப்பலில் நான் தத்துவ ஞானி போல் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன் என்று நினைத்திருந்தேன். வாந்தி எடுக்கிற ஆள் போல் நின்றதாக அம்மா இன்றுவரை சொல்கிறாள். இரண்டும் உண்மை.

கொழும்பில் விருந்து மேல் விருந்து. உறவினர் வீடுகளைச் சாப்பிட்டுத் தீர்த்தபோது ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்து கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். மாமா சொன்னார்: "நாளைக்குப் பூரா காரும் டிரைவரும் உங்களுக்கு. நாளைக்கழிச்சு ரயில். எங்க போறீங்கன்னு சாயங்காலத்துக்குள்ள சொல்லிருங்க, அவன் பெட்ரோல் போட்டு வைக்கணும்." சொல்லிவிட்டு, சுற்றுலாக்காரர்களுக்கு விற்கிற வண்ணப் பட அட்டைகள் சிலவற்றைப் பாயில் பரப்பினார். எங்கள் குடும்பத்தை அறியாத மனிதர்.

"கதிர்காமம்," என்றாள் அம்மா. "முருகன் கூப்பிடுதான்."

அப்பா கல்கிசைக் கடற்கரை அட்டையை எடுத்துப் பார்த்தார். காற்று வாங்கலாம் என்றார். உடனே, பாப்போம் என்றார். நான் அருங்காட்சியகம் என்றேன். எனக்கு அங்கே போக ஆசையில்லை. அங்கே போக ஆசைப்படுகிற ஆளாகத் தெரிய ஆசை. மாமியார் வீட்டுக்குப் போன மருமகன் மாதிரி அண்ணன் நடுநிலைமையாகச் செய்தித்தாளில் இருந்தான். கடைவீதிக்குப் போய் சோப்பும் வாசனைத் திரவியமும் வாங்கலாம் என்று அம்மா சாயங்காலக் கருத்துக்கு மாறினாள். இன்னும் சாயங்காலம்கூட ஆகவில்லை.

பாயில் ஐந்தாவதாக ஒரு அட்டை கிடந்தது. மலை. தேயிலைச் சரிவு. நடுவே வெள்ளைக் கோடாக அருவி. அதன் கீழே வளைந்து வளைந்து போகிற சாலை.

"இது எங்க?" என்றார் அப்பா.

"கண்டிக்கு மேல, றம்பொடைப் பக்கம். அது உங்களுக்குச் சரிவராது அத்தான். விடியிறதுக்கு முன்ன கெளம்பினா இருட்டினப்புறம்தான் திரும்ப முடியும். பூரா நாளும் காருக்குள்ளயே குந்தியிருக்கணும். எறங்கிப் பாக்க ஒண்ணும் கெடையாது. ரோடுதான்."

"ரோட்டப் பாக்கதுக்கா கடல் தாண்டி வந்தோம்?" என்றாள் அம்மா.

மதினி ஓரமாக உட்கார்ந்து, ஆளாளுக்கு எடுத்துப் போட்ட அட்டைகளை நேராக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் கோணலாகக் கிடக்கக்கூடாது. கதிர்காமத்தை ஒரு தடவை நேராக்கினாள். கடற்கரையை ஒரு தடவை. அருவி அட்டையை நேராக்கினாள். அது நேராகத்தான் இருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடி நேராக்கினாள்.

"ஏளா," என்றாள் அம்மா, "ஊருக்கெல்லாம் நீதான் சொல்லுதவ. இப்பம் சொல்லு. எங்க போவோம்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மதினி கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"எதுவானாலும் சரி அத்தை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். ஆனால் நான் இரண்டு பக்கமும் பார்ப்பவன் ஆயிற்றே. சொன்னால் அம்மா, தம்பி வீட்டுக் கூடத்தில் வைத்து, தேயிலைக் காட்டுப் பழமொழியை எடுப்பாள். சொல்லாவிட்டால் நாளைக்கழித்து ரயில். இந்தக் குடும்பம் இன்னொரு முறை கடல் தாண்ட எத்தனை "பாப்போம்" ஆகும் என்று யாருக்குத் தெரியும். மூன்றாவது பக்கம் ஒன்று இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சத்தம் கேட்டது. காகிதம் மடிக்கிற சத்தம்.

அண்ணன் செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தான். படித்து முடிக்காத செய்தித்தாளை அவன் மடித்து நாங்கள் பார்த்ததில்லை. அதை ஓரமாக வைத்துவிட்டு, பாயில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கடற்கரை அட்டையை எடுத்தான்.

"நல்ல கடல். மெரினாவோட அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. நம்ம ஊர்ல தெனமும் சாயங்காலம் பாத்துக்கிடலாம்பா," என்று சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

அப்பா தலையாட்டினார். மெரினாவுக்கு அவர் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

அடுத்து அருங்காட்சியகம். "இது படிச்சவங்க பாக்க வேண்டிய எடம். தம்பி பரிட்சை முடிச்சிட்டு நிதானமா வந்து பாக்கட்டும். அவசரத்துல பாத்தா அவனுக்கு மரியாதை இல்ல." நான் பெருமையாக விட்டுக்கொடுத்தேன். மடிக்கப்படுவது இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அதுவரை தெரியாது.

கடைவீதியை மாமாவிடம் நீட்டினான். "அம்மாவுக்கு என்ன சோப்பு நல்லதுன்னு மாமாவுக்குத் தெரியாததா? மாமா வாங்கிக் குடுத்தாத்தான் சீர்." மாமா நெஞ்சில் கை வைத்து ஒப்புக்கொண்டார்.

மிச்சம் இரண்டு அட்டைகள். அவன் கதிர்காமத்தின் மேல் கை வைத்தான். அம்மா மூச்சை இழுத்தாள். சாமியை எப்படி மடிப்பது? மதினி தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "கதிர்காமம் பெரிய எடம்மா. அவரு ஒரு நாள் கார் கெடைச்சுதுன்னு எட்டிப் பாத்துட்டு வர்ற சாமியா? வெரதம் இருந்து, மஞ்ச உடுத்து, அவருக்குன்னே தனியா வரணும். இப்பிடி ஊர் சுத்த வந்த எடத்துல போய் நின்னா, சோப்பு வாங்க வந்தவ என்னையும் பாத்துட்டுப் போறாளேன்னு நெனைக்க மாட்டாரா?"

அம்மா வெகு நேரம் அந்த அட்டையைப் பார்த்தாள். "நெனைப்பாரு," என்றாள் கடைசியில். "அவருக்குக் கோவம் வேற ஜாஸ்தி." பிறகு அவளாகவே சேர்த்துக்கொண்டாள்: "எந்த மலையானாலும் அவரு மலைதான?"

பாயில் ஒரே அட்டை கிடந்தது. நேராக.

"இது ஒண்ணுதான் இருக்கு," என்றான் அண்ணன்.

"பாப்போம்," என்றார் அப்பா.

"ஆமாப்பா. நாளைக்கு," என்று சொல்லிவிட்டு, மாமாவைப் பார்த்துத் திரும்பினான். "டிரைவரப் பெட்ரோல் போடச் சொல்லிருங்க."

மதினி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள், மாலை மறைத்திருக்கும். "ஏங்க, உங்களுக்கு எப்பிடி..." என்று மெல்லக் கேட்டாள்.

அண்ணன் செய்தித்தாளை விரித்துப் பழைய வீட்டுக்குள் போய்விட்டான். உள்ளேயிருந்து பதில் வந்தது. "வாய் என்ன வேணும்னாலும் சொல்லும்."

மறுநாள் கோழி கூவுகிற வேளைக்கு மாமாவின் ஆஸ்டின் கார் கிளம்பியது. முன்னால் டிரைவரோடு அப்பாவும் நானும். பின்னால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு அம்மா, நடுவில் அண்ணன், மறு சன்னலோரம் மதினி. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்து விட்டிருந்த வழிக்குள் கார் நுழைந்தபோது அப்பா தன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டார், கல் விழுந்தால் துண்டு தாங்கும் என்று. கண்டி வந்தது. அங்கே கட்டுச்சோற்றைச் சாப்பிட்டோம். அதற்கப்புறம் சாலை ஏற ஆரம்பித்தது. கம்பளை தாண்டி, புசல்லாவை தாண்டி, இரண்டு பக்கமும் தேயிலை. யாரோ மலைக்கு முடி வெட்டிச் சீவி விட்ட மாதிரி இருந்தது. கடைசியில் தூரத்தில் ஒரு இரைச்சல் கேட்டது. மதினி சன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள்.

"அருவி," என்றார் டிரைவர். "நிப்பாட்டவா, அம்மா?"

"நிப்பாட்டாதீங்க. மெதுவாப் போங்க. ஹாரன் அடிங்க."

"வளைவு இன்னும் வரல்லையே?"

"வருது. இந்தப் பாறை தாண்டினதும். அடிங்க."

பாறை தாண்டியதும் வளைவு வந்தது. டிரைவர் அவளைக் கண்ணாடியில் ஒரு முறை பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார். மதினி தோள் வரைக்கும் வெளியே நீட்டி, கழுத்தை மடக்கி, நிமிர்ந்து பார்த்தாள்.

நானும் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல், வெகு உயரத்தில், பச்சைச் சரிவின் விளிம்பில் தகரக் கூரைகள் வரிசையாகப் பளபளத்தன. அவற்றுக்கு முன்னால் மணிகளைக் கோத்த மாதிரி பிள்ளைகள். கையாட்டிக்கொண்டிருந்தார்கள், எந்தக் காரும் தங்களைப் பார்க்காது என்ற நிச்சயத்தோடு.

மதினி கையாட்டினாள்.

மணிகள் ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டன. பிறகு சிதறிக் குதித்தன. அருவிச் சத்தத்தை மீறி அந்தக் கூச்சல் கீழே வந்தது. கார் வளைவில் மறைந்து அடுத்த வளைவில் வெளிப்பட்டபோது பிள்ளைகள் இரண்டு மடங்காகியிருந்தார்கள். டிரைவர் யாரும் சொல்லாமலே ஹாரனை அழுத்தினார். அண்ணன் மதினி தோளுக்கு மேலாகக் கையை நீட்டி ஆட்டினான். அப்பா தலையிலிருந்த துண்டை எடுத்துச் சுழற்றினார். அவர் "பாப்போம்" என்று சொல்லாமல் செய்த முதல் காரியம் அதுதான். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ஆட்டினேன், எதற்கென்று தெரியவில்லை. மூன்றாவது வளைவில் அம்மாவும் எலுமிச்சம்பழம் பிடித்த கையை வெளியே நீட்டிவிட்டாள்.

"எதுளா உங்க வீடு?"

"அந்தா, ஓரத்துல தனியா இருக்குல்லா, கொய்யா மரத்துக்குப் பக்கத்துல. அதான் அத்தை. கணக்கப்பிள்ளை வீடு." மதினியின் குரல் காற்றில் அடித்துக்கொண்டு வந்தது. "கூரைக்குச் செவப்பு அடிச்சிருக்காவ. எங்க காலத்துல அடிக்கல."

அம்மா கழுத்தை வலிக்க வலிக்க நிமிர்த்திப் பார்த்தாள்.

"அடேயப்பா," என்றாள். "எங்க எல்லாரையும் விட உசரத்துலல்லா இருந்திருக்க."

தேயிலைக் காட்டுப் பழமொழி அதற்கப்புறம் எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

மேலே போய் ஒரு கடையில் தேநீர் குடித்தோம். மதினி பால் விடாமல் கேட்டாள். கருப்பட்டி கேட்டாள். எல்லோர் முன்னாலும் உள்ளங்கையில் வைத்துக் கடித்தாள். அப்பா, "எனக்கும் அப்பிடியே" என்றார்.

"திரும்பும்போதும் இதே வழிதானா?" என்று டிரைவரிடம் கேட்டாள்.

"வேற வழி இல்ல, அம்மா."

மதினி சிரித்தாள். "ரொம்ப நல்லது."

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் காஞ்சிபுரத்திலிருந்து புதுச் சரக்கு வந்தது. மூட்டையைப் பிரித்து, சைதாப்பேட்டைக்காரர் ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி, விலைச் சீட்டு வைத்து, மடித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தேயிலைக் கொழுந்துப் பச்சையில், சிவப்புக் கரை போட்ட ஒன்று வந்தது. விரித்தார். மடிக்கப் போனார்.

"அத மடிக்காதீங்க," என்றாள் மதினி.

"இன்னாம்மா, யாருக்காவது எடுத்து வைக்கணுமா?"

"ஆமா. எனக்கு."

அப்பா கல்லாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். வாயைத் திறந்தார். அண்ணன் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் இருமினான். அப்பா வாயை மூடிக்கொண்டு கல்லாவைப் பார்த்தார்.

மறுநாள் அதை உடுத்திக்கொண்டுதான் மெத்தையில் உட்கார்ந்தாள். லஸ் பக்கமிருந்து ஒரு மாமி வந்தார். மெத்தை நிறையச் சேலை. எதுவும் மனசுக்குப் பிடிக்கவில்லை. கண் மட்டும் மதினி மேலேயே இருந்தது. கடைசியில் கையை நீட்டி அவளுடைய முந்தானையைத் தொட்டுப் பார்த்தார். விட்டார். மறுபடி தொட்டார்.

"இந்த மாதிரியே ஒண்ணு எடுத்துப் போடேன்."

மதினி அந்தக் கையைப் பார்த்தாள். எந்தக் கையைப் பார்த்தாலும் அவளுக்குப் புரியும். முந்தானையை மெல்ல இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இது ஒண்ணுதான் வந்துச்சு மாமி," என்றாள்.

எங்கள் கடையில் மதினி விற்காமல் விட்ட சேலை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.